உலர்ந்த சாத்துக்குடி வில்லைகள்: இரண்டு வருஷ அனுபவம்

டீஹைட்ரேட்டர் (வெதுவெதுப்பான காற்றில் உணவை உலர்த்தும் மின்சார மெஷின்) வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அதில் அதிகம் காய்வது சாத்துக்குடியும் ஆரஞ்சும்தான். வட்டமாக நறுக்கி உலர்த்தி, சோடாவிலும் பிளாக் டீயிலும் மிதக்கவிடுவேன். பார்க்கவே அவ்வளவு அழகு!

பழத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. நாட்டு எலுமிச்சை காய்ந்ததும் ஒரு ரூபாய்க் காசு போலச் சுருங்கிவிடும். கமலா ஆரஞ்சு ருசியில் குறை வைக்காது, ஆனால் தோல் தொளதொளவென்று இருப்பதால் நறுக்கும்போதே சுளை தனி, தோல் தனி. தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும் சாத்துக்குடிதான் என் முதல் தேர்வு; அடுத்தது விதையில்லாத நேவல் ஆரஞ்சு. வெளிநாட்டுப் பழங்களில் பெரும்பாலும் மெழுகு பூசியிருப்பார்கள். தோலோடு டம்ளருக்குள் போகப்போவதால் வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

சிப்ஸ் சீவும் கட்டையில் 4 அல்லது 5 மி.மீ. கனத்துக்குச் சீவலாம். இன்னும் மெல்லிசாகப் போனால் நடுவில் ஓட்டை விழும். 57 டிகிரியில் சுமார் பத்து மணி நேரம், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். 400 வாட் மெஷின் என்றால் அதிகபட்சம் 4 யூனிட் கரண்ட்.

கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பான ஓடிஜி போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலான ஓடிஜிகள் 100 டிகிரியில்தான் தொடங்கும். அந்தச் சூட்டில் பழம் பழுப்பேறிக் கசக்கும். மொட்டைமாடி வெயிலும் நான் சொல்ல மாட்டேன். நாரத்தங்காயை உப்பு காப்பாற்றும். இதில் உப்பு கிடையாது, சென்னைக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்று சூட்டோடு பார்த்தால் தெரியாது. சர்க்கரை இளகி வில்லை வளையும். ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள், டக்கென்று முறிய வேண்டும். கண்ணாடி பாட்டிலில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிவிட்டுக் கவனியுங்கள். பாட்டிலின் உள்பக்கம் ஈரம் படிந்தாலோ வில்லைகள் ஒட்டிக்கொண்டாலோ மறுபடி மெஷினுக்குள் போக வேண்டியதுதான். ஐப்பசி மழையில் மூடியை அடிக்கடி திறந்தாலே பிசுபிசுக்கும். உணவுப் பொருளுக்கென்றே விற்கும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே இருந்தால் நல்லது.

எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் சில மாதங்களில் மஞ்சள் மங்கி டீ நிறத்துக்கு வந்துவிடும். வெளிச்சம் படாத அலமாரியில் கொஞ்சம் தாங்கும். நிறம் போனதைத் தூக்கி எறிய வேண்டாம், பிளாக் டீக்கு ஆகும்.

ஒன்றை எதிர்பார்க்காதீர்கள்: புளிப்பு. சோடாவுக்குப் புது எலுமிச்சை பிழிந்தே ஆக வேண்டும். வில்லை தருவது வாசனையும் அழகும்தான். அந்த வாசனையும் சூட்டில்தான் நன்றாக இறங்கும். கொதிக்கும் டீயில் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அப்படியே கிடந்தால் தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியின் கசப்பு இறங்கிவிடும்.