டெவில் மே க்ரை 5, வெர்ஜில் இணைப்புடன்: இரட்டையரின் பங்காளிச் சண்டை

டெவில் மே க்ரை என்ற வீடியோ கேம் தொடரின் நாயகர்கள் டான்டேயும் வெர்ஜிலும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையர். அப்பா ஸ்பார்டா, மனிதர் பக்கம் நின்ற பிசாசு வீரன். அம்மா ஈவா, மனுஷி. ரெபெல்லியன் என்ற வாள் இளையவன் டான்டேக்கு, யமாட்டோ மூத்தவன் வெர்ஜிலுக்கு. அம்மா கொடுத்த பதக்கமும் ஆளுக்குப் பாதி. வெர்ஜிலுக்கு அப்பாவின் பலம் முழுவதும் வேண்டும். டான்டே குறுக்கே நிற்கிறான். வீட்டுக்கும் வள்ளத்துக்கும் நம் கரையில் நடக்கிற அதே பங்காளிச் சண்டைதான். காப்காம் நிறுவனம் 2005-ல் 3-ம் பாகத்தில் தொடங்கிய இந்த வழக்கு, 2019 மார்ச்சில் வந்த 5-ம் பாகத்தில்தான் ஒரு முடிவுக்கு வருகிறது. வெர்ஜிலாகவே ஆடக்கூடிய கூடுதல் இணைப்பு (டிஎல்சி) 2020 டிசம்பரில் பிசிக்குத் தனி விலையில் வந்தது. இங்கே பார்ப்பது அந்த பிசி பதிப்பைத்தான்.

அண்ணன் தம்பிக்குள் இருக்கும் வித்தியாசத்தை வசனத்தைவிட நம் கைக்குத்தான் இந்த கேம் அதிகம் சொல்கிறது. வாங்கச் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான்.

டான்டேக்கு நான்கு ஸ்டைல், அதாவது சண்டை முறை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் டி-பேடில் (திசை பட்டன்களில்) மேலே தட்டினால் விலகி நகரும் ட்ரிக்ஸ்டர், வலது வாள் வீசும் ஸ்வோர்ட்மாஸ்டர், இடது துப்பாக்கிக்கான கன்ஸ்லிங்கர், கீழே அடியைத் தடுக்கும் ராயல்கார்டு. சண்டைக்கு நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். வாள், கையுறை, இரண்டாகப் பிரியும் மோட்டார் சைக்கிள், துப்பாக்கிகள் என்று கை நிறைய ஆயுதம். அவனுக்குச் சிக்கனம் தேவையில்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தால் ரேங்க் (சண்டையின் அழகுக்குக் கேம் தரும் தரம்) ஏறாது, அவ்வளவுதான். புதிதாக ஆடுபவர்கள் ரெட் ஆர்ப்களை (திறன்கள் வாங்க உதவும் ஆட்டத்துக்குள் இருக்கும் பணம்) முதலில் ட்ரிக்ஸ்டரில் போடுங்கள். தப்பித்து நகரத் தெரிந்தபின் ராயல்கார்டுக்குப் போகலாம். அடி விழும் கணத்தில் பி பட்டனைத் தட்டினால் அடியே படாது, தடுத்த பலமும் சேமிப்பில் ஏறும். டிவியில் ஆடுபவர்கள் அதற்கு முன் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படம் தாமதமாக வந்தால் அந்தக் கணம் கைக்கு அகப்படாது.

வெர்ஜில் இதற்கு நேர் எதிர். அவனுக்குக் கான்சன்ட்ரேஷன் என்று ஓர் அளவுமானி. அடி பட்டால், வெறும் காற்றை வெட்டினால், ஓடினால் இறங்கும். எதிரி மேல் அடி விழுந்தால், கடைசி நொடியில் விலகினால், மெல்ல நடந்தால் ஏறும். நடந்தால் ஏறும் என்பதைக் கவனியுங்கள்: பிசாசுக் கூட்டம் பாய்ந்து வரும்போது அவன் அவசரப்படாமல் நடக்க வேண்டும். மூத்தவனின் கர்வத்தை ஒரு வரி வசனமும் இல்லாமல் ஆட்டத்தின் விதியாகவே வைத்துவிட்டார்கள். டான்டே பழக்கத்தில் ஓடி ஓடி வெட்டினால் மானி காலியாகவே கிடக்கும். அப்போது வெர்ஜிலிடம் பலமே இல்லை என்றே தோன்றும்.

ஆடும் முறை இது. ஆர்பி பட்டனில் ஓர் எதிரியை லாக் செய்து (குறிவைத்து), ஸ்டிக்கைச் சற்றே சாய்த்து நடங்கள். அவன் கை ஓங்கும்போது விலகி, பி பட்டனில் அவனிடமே தாவுங்கள். எக்ஸ் பட்டனில் மிரேஜ் பிளேடுகளை (மாய வாள்களை) இடையிடையே எறிந்துகொண்டே இருந்தால் ரேங்க் இறங்காது. ஒய் பட்டனை அழுத்திப் பிடித்து, உறையில் ஒளி மின்னும் கணத்தில் விட்டால் சரியான ஜட்ஜ்மென்ட் கட் (தூரத்திலிருந்தே எதிரியை அறுக்கும் யமாட்டோ வெட்டு) விழும். முந்தினாலும் பிந்தினாலும் சாதாரண வெட்டுதான். ஒளியைக் கண்டபின் விரலை எடுத்தால் பிந்திவிடும், தாளத்தை மனதில் வைத்து எடுக்க வேண்டும். மானி நிறைந்தபின் வரும் ஜட்ஜ்மென்ட் கட் எண்ட் திரை முழுவதையும் அறுத்துப் போடும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் ஒருபுறம் தென்கடல் அலையடிக்கும், மறுபுறம் வடகடல் குளம்போலக் கிடக்கும். ஆண்கடல், பெண்கடல் என்பார்கள். வாடைக்காற்று கிளம்பும் மாதங்களில் அந்த அமைதியான வடகடல்தான் பொங்கும். வெர்ஜிலின் ஆட்டம் அந்த வடகடல்.

கதையின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

19-வது மிஷனில் டான்டேயாக வெர்ஜிலை எதிர்கொள்கிறோம். இருவரும் ஒரே நேரத்தில் வீசினால் வாளும் வாளும் மோதி அடி ரத்தாகும். 3-ம் பாகத்திலும் அப்படித்தான். ஆபத்துக் காலத்தில் அம்மா டான்டேவை ஒளித்து வைத்துவிட்டு வெர்ஜிலைத் தேடிப் போன இடத்தில் இறந்தாள். தன்னை விட்டுவிட்டாள் என்றே நினைத்து வளர்ந்தவன் வெர்ஜில். நாம் இருவரும் இடம் மாறியிருந்தால் உன் வாழ்க்கை எனக்கு வந்திருக்குமா என்று அவன் கேட்கும் இடத்தில் பகைக்கு அடியில் கிடந்த ஏக்கம் தெரிகிறது. 20-வது மிஷனில் சண்டையை நிறுத்த வருவது வெர்ஜிலின் மகன் நீரோ. இருவரும் சாகாமல் பாதாளத்துக்குப் போய், யார் எத்தனை முறை ஜெயித்தது என்று கணக்குப் போட்டபடி சண்டை பிடிக்கிறார்கள். இந்தத் தொடர் தந்த மிக அன்பான காட்சி அது.

குறைகளும் உண்டு. வெர்ஜில் இணைப்பில் அவனுக்கென்று தனிக் கதை கிடையாது. ஒரு தொடக்கக் காட்சி, பழைய மிஷன்கள், எதிரியாக டான்டே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒளியை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங், ஆட்டத்தை வேகமாக்கும் டர்போ மோடு, பெருங்கூட்டமாக எதிரிகள் வரும் லெஜண்டரி டார்க் நைட் மோடு மூன்றும் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களின் சிறப்புப் பதிப்புக்கு மட்டும், பிசிக்குத் தரவில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு இது நியாயமில்லை. தமிழ் வசனமும் இல்லை, ஆங்கில சப்டைட்டிலில்தான் ஆட வேண்டும். இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆட்டம். முதலில் மூல ஆட்டத்தை டெவில் ஹன்டர் என்ற சாதாரணக் கடின நிலையில் முடித்துவிட்டு, பிறகு இணைப்பை வாங்குங்கள்.

குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நிம்மதி. டிஸ்க்கில் 35 ஜிபி இடம் தேவை. பதிவிறக்க 40 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பில் 2 மணி நேரம் பிடிக்கும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக்கை நம்பினால் 18 நாள் ஆகும்.

கீபோர்டில் ஸ்டிக்கைப் பாதி சாய்ப்பது என்பதே இல்லை, அதனால் வெர்ஜிலுக்குக் கன்ட்ரோலர் அவசியம். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் அந்தக் கன்ட்ரோலருக்கு எதிரி உப்புக்காற்று. ஸ்டிக்கின் அடியில் ஈரமும் தூசியும் சேர்ந்தால் பாதிச் சாய்வு சரியாகப் பதியாது. நடக்க நினைத்தால் ஓடுவான், மானி இறங்கும். ஒய் பட்டனுக்கு அடியிலுள்ள ரப்பர் பிசுபிசுத்தால் விரலை எடுத்தபின்னும் பட்டன் அழுந்தியே நிற்கும். ஜட்ஜ்மென்ட் கட் பிந்தும். மாதம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ஸ்டிக்கின் அடிவட்டம், பட்டன் ஓரம், யுஎஸ்பி வாய் மூன்றையும் துடையுங்கள். 15 நிமிடம் உலர விடுங்கள். ஆடாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் லேப்டாப் வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபேன் உப்பை இழுத்துக்கொள்ளும்.

வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே திரையில் சேர்ந்து ஆட 5-ம் பாகத்தில் வழியில்லை. அதற்கு நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் 2020-ல் வந்த 3-ம் பாகத்தின் சிறப்புப் பதிப்பைப் பாருங்கள். அதன் பிளடி பேலஸில் (அடுத்தடுத்து எதிரிகள் வரும் சண்டை மோடு) ஒருவர் டான்டேயாகவும் இன்னொருவர் வெர்ஜிலாகவும் ஒரே பக்கம் நின்று சண்டையிடலாம்.