மொட்டோடு விற்கும் கிறிஸ்துமஸ் கள்ளி: புதுச்சேரி வீட்டுக்குச் சரிப்படுமா?

டிசம்பர் பிறந்தால் நர்சரிகளில் 4 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் செடி இது. தட்டைத் தட்டையாகக் கோத்த மாதிரி தண்டு, நுனியில் ரோஜா நிற மொட்டு. செடி என்ற அளவில் 5-க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம். மறு வருஷமும் பூக்குமா என்று பார்த்தால், நம்ம ஊர் வெப்பத்துக்கு 2-தான். அதை 3 ஆக்குவது வளர்ப்பவர் கையில்.

தண்டின் விளிம்பைப் பாருங்கள். கொக்கி மாதிரி பல் இருந்தால் அது ட்ரங்கேட்டா என்ற இனம், அதாவது தாங்க்ஸ்கிவிங் கள்ளி. விளிம்பு மழுங்கி வளைந்திருந்தால்தான் அசல் கிறிஸ்துமஸ் கள்ளி. எந்தப் பெயரில் விற்றாலும் கையில் கிடைப்பது பெரும்பாலும் பல் வைத்ததுதான். அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம், வளர்ப்பு இரண்டுக்கும் ஒன்றே. பூர்வீகம் தென்கிழக்கு பிரேசிலின் மலைக்காடு, மரக்கிளையில் தொற்றி வளரும் இனம். கள்ளிதானே என்று மணலில் நட்டு மொட்டைமாடியில் வைத்தால், அக்னி நட்சத்திரத்துக்குள் தண்டு செம்பு நிறமாகிச் சுருங்கிவிடும். கிழக்கு ஜன்னலின் காலை வெளிச்சம் போதும்.

பிரேசிலில் இது மே மாதம் பூக்கும், அங்கே பெயரே மே மலர். இரவு நீண்டு குளிர் இறங்கும் பருவம் அவர்களுக்கு அதுதான். செடி பார்ப்பது காலண்டரை அல்ல, இருட்டையும் குளிரையும். இரவு 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்து, தினம் 13, 14 மணி நேரம் ஒரு பொட்டு வெளிச்சம் படாமல் ஆறு வாரம் போனால் மொட்டு கட்டும். இரவு 24 டிகிரியைத் தாண்டினால் இருட்டு மட்டும் கொடுத்துப் பெரிதாகப் பலன் இருக்காது. டிசம்பர் கடைசியில்கூட புதுச்சேரியில் இரவு சுமார் பன்னிரண்டரை மணி நேரம்தான். அதிலும் ஹால் டியூப்லைட்டும் தெருவிளக்கும் பங்கு கேட்கும். அக்டோபர் இரவோ புழுக்கம். கிறிஸ்துமஸுக்கே பூ வேண்டுமென்றால் அக்டோபர் முதல் வாரமே ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறை வேண்டும். ஒரு தொட்டிக்காக அந்த கரண்ட் பில் நியாயமில்லை.

நியாயமான வழி டிசம்பர் முதல் வாரம் தொடங்குவது. விடியற்காலை 21, 22 டிகிரிக்கு இறங்கும் நாட்கள் வரப்போகும் நேரம் அது. மாலை 6 மணிக்குத் தொட்டி மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, இடுக்கில் கறுப்புத் துணி சுற்றி, காலை 8 மணிக்கு எடுக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வியர்த்து அழுகும். பகலில் வழக்கமான ஜன்னல் வெளிச்சம். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து லைட் போடும் வீட்டில் துணியை இரட்டையாகச் சுற்றுங்கள். எல்லாம் கூடிவந்தால் பூ பிப்ரவரியில். கிறிஸ்துமஸ் கள்ளி மாசி மாதம் பூப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

மூன்று, நான்கு வாரம் போனதும் நுனியில் உள்ள பூனைமுடிக்கு நடுவே கடுகு அளவில் ஒன்று தெரியும். உருண்டு சிவந்திருந்தால் மொட்டு. தட்டையாகப் பச்சையாக இருந்தால் புதுத் தண்டு: வெளிச்சம் கசிகிறது, அல்லது சூடு அதிகம், அல்லது உரம் இன்னும் போகிறது. மொட்டு எல்லா நுனியிலும் தெரிந்தபின் பெட்டி தேவையில்லை. அதன் பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள். ஃபேன், ஏசி காற்று நேராகப் பட்டாலும் வேர் ஊறிக் கிடந்தாலும் மொட்டு பொலபொலவென்று உதிரும். வாங்கிவந்த வாரமே உதிர்வதும் இதனால்தான்: குளிர்ந்த இடத்தில் மொட்டு கட்டியது, இங்கே வந்ததும் திணறுகிறது.

கூடவே வரும் தொட்டிக் கலவைதான் இதில் மோசமான சமாச்சாரம். இறுக அமுக்கிய வெறும் தென்னை நார்க்கழிவு. மேலே காய்ந்தும் நடுவே சேறாகவும் இருக்கும். பூ முடிந்த பிறகு மாற்றுங்கள், மொட்டோடு இருக்கையில் கைவைக்காதீர்கள். நார்க்கழிவு 2 பங்கு, பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) அல்லது பொடி செங்கல் ஜல்லி 1, அடுப்புக்கரித் துண்டு 1, மண்புழு உரம் 1. நார்க்கழிவை உப்புப் போக இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்தே சேர்க்க வேண்டும். தொட்டி 5 அங்குலம் போதும், வேர் நெருக்கமாக இருந்தால்தான் பூக்க மனசு வரும்.

மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்தபின் தண்ணீர். போர் தண்ணீரில் மண் மேல் வெள்ளைப் படிவம் கட்டினால், ஐப்பசி மழையில் ஒரு குடம் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஆனால் செடியை அந்த மழையில் விடாதீர்கள், தண்டடி பழுப்பாகிக் குழைந்தால் அடிச்செடி போச்சு. மேலே நன்றாக உள்ள இரண்டு மூன்று கணுவை, அதாவது தட்டைத் துண்டுகளை, சேர்த்தே திருகி எடுத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்தி நட்டால் வேர் பிடிக்கும். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மார்ச் முதல் செப்டம்பர் வரை. பெட்டி கவிழ்க்கத் தொடங்கும் அன்று நுனியில் 1 செ.மீ.க்கும் குறைவான பிஞ்சுக் கணுக்களைக் கிள்ளிவிடுங்கள், அவை முற்றாதவை, பூக்காது.

வாங்கும்போது முக்கால்வாசி விரிந்ததை எடுக்காதீர்கள், இந்தச் சூட்டில் பூ சில நாள்தான். மொட்டு மிளகு அளவில், நிறைய நுனிகளில் இருக்கும் தொட்டியாகப் பாருங்கள். கணுச் சந்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி, அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.