படிகள் எத்தனை என்று கேட்ட பிறகு: விடுமுறைக்கு ஊரும் அறையும் தேர்ந்தெடுக்கும் வழிகள், ஒரு மதிப்பீடு

கடந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை நீலகிரிக்குப் போய் வந்தோம். இரண்டு முறையும் போனவர்கள் மூவர்தான்: நான், என் கணவர், முழங்கால் தேய்மானத்தோடு நடக்கும் 76 வயதான என் அம்மா. ஒரே மலை, ஏறக்குறைய ஒரே செலவு. முதல் பயணத்தில் அம்மா மூன்று நாளும் அறைக்குள்ளேயே இருந்தார். இரண்டாவது பயணத்தில் எங்களுக்கு முன்பே எழுந்து வாசலில் போய் உட்கார்ந்தார். தங்குமிடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்த விதம் மாறியதைத் தவிர இந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே ஒரு குறிப்பிட்ட விடுதியை மதிப்பிடுவதற்குப் பதில், விடுதியைக் கண்டுபிடிக்க நாம் நம்பும் வழிகளையே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதல் பயணம் மே மாதத்தில். அறைகளை முன்பதிவு செய்யும் செயலி ஒன்றில் 'உதகை' என்று தேடி, மதிப்பெண் வரிசைப்படி அடுக்கி, நான்குக்கு மேல் மதிப்பெண் பெற்றிருந்த ஒரு விடுதியைப் பத்து நிமிடத்தில் பதிவு செய்துவிட்டேன். அம்மாவுக்காகத் 'தரைத்தளம்' என்று குறித்திருந்த அறையைத்தான் எடுத்தேன். அங்கே போன பிறகுதான் மலையூரில் தரைத்தளம் என்றால் என்னவென்று புரிந்தது. சரிவில் எழுப்பிய கட்டடங்களில் வரவேற்பறை சாலை மட்டத்தில் இருக்கும். அறைகள் அதற்குக் கீழே, பள்ளத்தை நோக்கி இறங்கும். எங்கள் அறை அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்ததால் அது அவர்கள் கணக்கில் தரைத்தளம். சாலையிலிருந்து அதற்கு 34 படிகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினார். கீழே சேர்ந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, "இனிமே ஊருக்குப் போற அன்னைக்குத்தான் நான் ஏறுவேன்" என்றார். சொன்னபடியே செய்தார். சாப்பாட்டைக் கீழே கொண்டுவந்து கொடுத்தோம். பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருந்ததால் போர்வை வரை ஈர வாடை அடித்தது.

விடுதி பொய் சொன்னது என்று சொல்ல முடியாது. அந்தச் செயலியில் படிகள் எத்தனை என்று கேட்கும் இடமே இல்லை. செயலிகளின் அடிப்படைக் குறை இதுதான் என்று நினைக்கிறேன்: விலை, மதிப்பெண், வைஃபை, கார் நிறுத்துமிடம் என்று எல்லா ஊருக்கும் பொதுவான கேள்விகளுக்கு அவை விரைவாக விடை தருகின்றன, ஓர் ஊருக்கே உரிய கேள்வியை அவற்றால் கேட்க முடிவதில்லை. மலையூரில் படியும் ஈரமும் வெந்நீர் வரும் நேரமும் முக்கியம். கடற்கரை ஊரில் மின்வெட்டும் தண்ணீரின் உப்பும் முக்கியம். கோயில் ஊரில் அறைக்கும் சன்னிதிக்கும் இடையே வெறுங்காலோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது முக்கியம்.

அதற்காகச் செயலியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எந்த ஊரில் என்ன விலைக்கு எவை கிடைக்கும் என்று அறிய அதைவிட நல்ல கருவி இல்லை. சராசரி மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது. இளைஞர் கூட்டம் ஒன்று கொடுத்த ஐந்தும், குழந்தையோடு போன தாய் கொடுத்த இரண்டும் அதில் கலந்து ஓர் எண்ணாகிவிடுகின்றன. இப்போது நான் கருத்துகளைப் புதியது முதலாக அடுக்கி, இரண்டு, மூன்று மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதைத்தான் முதலில் படிக்கிறேன். ஒன்று கொடுத்தவர் பெரும்பாலும் கோபத்தில் எழுதியிருப்பார். மூன்று கொடுத்தவர்தான் பொறுமையாக, வெந்நீர் காலை ஒன்பது மணியோடு நின்றுவிடும் என்பது போன்ற செய்திகளைச் சொல்லியிருப்பார். நாம் போகப்போகும் அதே மாதத்தில் தங்கியவர்களின் கருத்துக்கு இரட்டை மதிப்புக் கொடுக்கலாம், ஏனென்றால் ஏப்ரலில் புகழப்பட்ட அறை ஜூலையில் பூஞ்சை பிடித்திருக்கக்கூடும். விடுதி தரும் படங்களில் அல்லாமல், தங்கியவர்கள் எடுத்த படங்களில் குளியலறைக் கதவின் அடிப்பாகம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். ஈரம் முதலில் அங்கேதான் தெரியும்.

விலையைப் பற்றியும் ஒன்று. திரையில் முதலில் தெரியும் தொகையில் வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. வரியோடு கூடுதல் படுக்கை, காலை உணவு, ரத்துக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிய பிறகுதான் இரண்டு விடுதிகளை ஒப்பிட வேண்டும்.

தெரிந்தவர் சொல்வதைக் கேட்பது இரண்டாவது வழி. நம் ஊரில் மிகப் பழைய வழியும் இதுதான். அலுவலகத்தில் ஒருவர் வால்பாறையை அப்படிப் புகழ்ந்தார். அவர் சொன்னது முழுவதும் உண்மை. ஆனால் அவர் நண்பர்களோடு இருசக்கர வாகனத்தில் போனவர். ஆழியாறிலிருந்து மேலே போகும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; அவருக்கு அதுவே பயணத்தின் சுவை, காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்தாலே தலை சுற்றும் அம்மாவுக்கு அது தண்டனை. தெரிந்தவரிடம் 'நன்றாக இருந்ததா' என்று கேட்பதால் பயனில்லை. எந்த மாதம் போனீர்கள், யாருடன் போனீர்கள், இரவில் சத்தம் இருந்ததா, திரும்பவும் அதே அறையில் தங்குவீர்களா என்று கேட்டால் அவருடைய அனுபவத்திலிருந்து நமக்கு வேண்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். பயணக் காணொளிகளுக்கும் இது பொருந்தும். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் எடுத்த காட்சி பகல் பதினொரு மணிக்கு அந்த இடம் எப்படியிருக்கும் என்பதைக் காட்டுவதில்லை.

அரசு, கோயில், வனத்துறை விடுதிகளைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதிகள் உதகை, கொடைக்கானல், ஏற்காடு, கன்னியாகுமரி, இராமேசுவரம் முதலிய ஊர்களில் இருக்கின்றன. தனியார் நெருக்கிக் கட்டியிருக்கும் ஊர்களில் இந்த விடுதிகளுக்குப் பெரும்பாலும் அகலமான வளாகமும் வண்டி நிறுத்த இடமும் இருக்கும். பழனி, திருச்செந்தூர் போன்ற ஊர்களுக்குக் கோயில் நிர்வாகத்தின் விடுதிதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும், அறை கிடைத்தால். முதுமலையில் தெப்பக்காட்டை ஒட்டிய வனத்துறை ஓய்வு இல்லங்களைக் காட்டை நேசிப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஆனால் மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக வருகிறவர்கள், அந்தச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்படும் என்பதை நினைவில் வைத்துப் புறப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் முதல் முறை செய்த பெரிய தவறு அங்கேதான். விடுமுறை என்றதும் உதகை என்று வாய் சொன்னது. மே மாதம் மலர்க் கண்காட்சிக் காலம் என்பதையும், அப்போது நெரிசலுக்காகச் சாலைகளை ஒருவழிப் பாதையாக்குவார்கள் என்பதையும் யோசிக்கவில்லை. இரண்டாம் முறை மாதத்தையும் உயரத்தையும் வைத்துத் தொடங்கினோம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் அதைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வு. அந்த 400 மீட்டர்தான் முதியவருக்குத் தாங்கும் குளிருக்கும் தாங்காத குளிருக்கும் இடையிலான வேறுபாடு. மழையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் கனமாக வரும், மண்சரிவும் அப்போதுதான் அதிகம். எனவே பிப்ரவரி, கோத்தகிரி என்று முடிவு செய்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 33 கிலோமீட்டர் என்பதும் ஒரு காரணம். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவு வண்டி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது; அதில் கீழ்ப்படுக்கை வேண்டும் என்பதற்காக, 60 நாள் முன்பதிவு திறக்கும் அன்றே சீட்டு எடுத்தேன்.

அறைக்கு இந்த முறை செயலியில் நான்கு இடங்களைப் பொறுக்கிக்கொண்டு, நான்குக்கும் தொலைபேசியில் பேசினேன். நான் கேட்டவை மூன்றே கேள்விகள்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி, வெந்நீர் எந்த நேரத்தில் வரும், இரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது. ஒருவர், "எல்லாம் நல்லா இருக்கும் மேடம், வாங்க" என்றார். அவரை அதோடு விட்டேன். ஒருவர் எண்ணிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மறந்துபோனார். மூன்றாவது இடத்தில் யாரும் எடுக்கவில்லை. நான்காவது, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே தன் வீட்டிலேயே இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் நீலகிரியில் வாழும் படகர் இனக் குடும்பம் ஒன்றின் பெண்மணி. அவர் பதில் சொல்வதற்குப் பதிலாகச் சிறிது நேரத்தில் ஒரு காணொளி அனுப்பினார். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி, வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடந்து, ஒவ்வொரு படியாக மிதித்து வாய்விட்டு எண்ணினார். "ஏழு படிதான் அக்கா. கைப்பிடி ரெண்டு பக்கமும் இருக்கு. காலையில பனியில கல்லு வழுக்கும், நான் சாக்கு விரிச்சு வெக்கறேன். அம்மா எட்டு மணிக்கு மேல இறங்கட்டும்." வழுக்கும் என்பதை அவரே சொன்னதால்தான் மற்ற எல்லாவற்றையும் நம்பினேன். ஒருவர் தன் இடத்தின் குறையை நாம் கேட்காமலே சொன்னால், அதைவிடச் சிறந்த மதிப்பெண்ணை எந்தச் செயலியும் தர முடியாது.

நேரில் பார்த்தபோது ஏழு படிகள் ஏழாகவே இருந்தன, சாக்கும் விரித்திருந்தது. அறை சிறியது, அலமாரி இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. போர்வையில் வெயில் மணம் இருந்தது. இரவில் ராகிக் களியும் அவரைக்குழம்பும் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணியின் மாமியாரும் என் அம்மாவும் ஒரே வயது என்பதால் இருவரும் வாசல் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பாதி படகர் மொழியும் பாதி தமிழுமாக மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். இதை யாரும் முன்பதிவில் கேட்டுப் பெற முடியாது. ஆனால் குடும்பம் வாழும் வீட்டில் தங்கினால் இதற்கு வாய்ப்பு இருக்கிறது. தனிமையை விரும்புபவர்களுக்கும், பின்னிரவில் திரும்புபவர்களுக்கும் இப்படிப்பட்ட வீடு ஒத்துவராது. அவர்கள் விடுதிக்கே போவது இரு தரப்புக்கும் நல்லது.

புறப்படுமுன் செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்வோருக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லை. அறையைப் பதிவு செய்யும் அன்றே அன்றைய விதி என்ன என்று பார்த்து எடுத்துக்கொள்வது நல்லது. நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

அம்மாவுக்கு மலை ரயிலில் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள 46 கிலோமீட்டரையும் ஏறிக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். அவ்வளவு நேரம் காலை மடக்கி அவரால் உட்கார முடியாது. கோத்தகிரியில் தங்கியதால் அதற்கும் ஒரு வழி கிடைத்தது. ஒரு காலையில் குன்னூர் வரை காரில் போய், அங்கிருந்து உதகைக்குப் போகும் வண்டியில் ஏறினோம். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி வழுக்காமல் பற்றி ஏற உதவும் பல்சக்கரத் தண்டவாளம் குன்னூரோடு முடிந்துவிடுவதால் அதற்கு மேல் டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று நின்று போகும். கேத்திப் பள்ளத்தாக்கு சன்னலில் விரிந்தபோது அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டிருந்த என்னைக் கையமர்த்திவிட்டு, வெளியே பார்த்தபடியே வந்தார்.