என்ஸ்ஃபாஸ் பர்சரி: தருவது தாராளம், தரும் நேரம் தகராறு

மாட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) ரிசல்ட் வந்த ஜனவரியில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் வீடுகளில் மார்க்குக்கு அடுத்து அடிபடும் பேச்சு என்ஸ்ஃபாஸ்தான். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த, தென்னாப்பிரிக்க அரசின் இந்த மாணவர் நிதி உதவி அமைப்பு முதலில் கடனாகத்தான் கொடுத்தது. 2018 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குத் திருப்பித் தர வேண்டாத பர்சரி ஆனது. கல்லூரிக் கட்டணம், புத்தகம், தங்குமிடம் அல்லது பஸ் செலவு, சாப்பாட்டுப் படி என எல்லாவற்றையும் தொட்டுக் கொடுப்பதால், வீட்டில் ஒரு சம்பளம் நின்றுபோன காலத்திலும் பிள்ளை படிப்பை விடாமல் இருக்க இதற்கு இணையாக நாட்டில் வேறு எதுவும் இல்லை. சேவை என்று பார்த்தால் கதை வேறு. பணம் வரும் தேதியை நம்பி வீட்டுக்காரரிடம் வாடகை பேச முடியாது.

தகுதியில் சிக்குபவர்கள் பலர். பெற்றோர் இருவரின் மொத்த ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருக்கவேண்டும். ஊனமுற்ற மாணவர் என்றால் 6,00,000. கையில் வாங்கும் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், வரியும் பென்ஷனும் பிடிப்பதற்கு முந்தைய தொகைதான் கணக்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாதம் 15,000 வீதம் என்றால் ஆண்டுக்கு 3,60,000. பத்தாயிரத்தில் கதவு சாத்தியாகிவிட்டது. 2018இல் வைத்த இந்த வரம்பு, ரொட்டி விலையும் மின்கட்டணமும் எங்கேயோ போன பிறகும் 2025 வரை அசையவில்லை. இது அநியாயம், அதைச் சொல்லாமல் இந்தத் திட்டத்தைப் பாராட்ட முடியாது. கூட்டுக் குடும்பங்களில் இன்னொரு குழப்பம்: ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் சித்தப்பா சம்பளத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். கேட்பது பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர், மணமானவர் என்றால் துணைவர், இவர்களுடைய வருமானம் மட்டுமே. ஸாஸா (அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) உதவித்தொகை பெறும் மாணவருக்கு வருமானச் சான்று தேவைப்படாது.

அரசுப் பல்கலைக்கழகங்கள் 26, அரசு டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிகள் 50. பர்சரி இவற்றுக்கு மட்டுமே. கடைசி நேரத்தில் ‘இடம் இருக்கிறது’ என்று போன் செய்து கூப்பிடும் தனியார் கல்லூரிக்கு ஒரு சென்ட்கூடப் போகாது. டர்பனில் டியூடி (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), யூகேஇசட்என் (குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம்), தெக்வினி டிவெட் போன்றவை உள்ளே வரும். (டியூடியின் ஒரு பாதியான எம்.எல். சுல்தான் டெக்னிகான், கூலி ஒப்பந்தத்தில் கொல்லம் பக்கத்திலிருந்து வந்த ஒருவரின் நன்கொடையில் வளர்ந்தது. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு யாராவது பணம் போட்டே ஆகவேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.)

விண்ணப்பம் இணையத்தில், இலவசம். இங்கேதான் முதல் பள்ளம். மால் வாசலில் உட்கார்ந்து காசு வாங்கி நிரப்பிக் கொடுப்பவர்கள் தங்கள் செல்நம்பரையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும், பிள்ளையால் தன் கணக்கையே திறக்க முடியாது. மாணவர் பெயரில் உள்ள, குறைந்தது படிப்பு முடியும் வரை மாற்றப்போவதில்லை என்ற சிம்மைக் கொடுங்கள். பிரீபெய்ட் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போனால் நம்பரே கைவிட்டுப் போய்விடும்.

வருமானத்தை என்ஸ்ஃபாஸ் உங்கள் வாய்ச்சொல்லில் நம்புவதில்லை. ஸார்ஸ் வரிப் பதிவு, உள்துறைப் பதிவு, ஸாஸா பதிவு மூன்றோடும் ஒப்பிடுகிறது. வரிப் பதிவு கடந்த காலத்தைச் சொல்லும், இன்றைய நிலைமையைச் சொல்லாது. ஆலையில் ஆட்குறைப்பு நடந்து வேலை போன அப்பா, பதிவில் இன்னும் சம்பளக்காரராகத்தான் நிற்பார். பிரிந்துபோய் வருஷக்கணக்கில் முகம் காட்டாத தகப்பனின் வருமானமும் அப்படியே உள்ளே வந்து நிற்கும். நிராகரிப்பு வந்தால் அழுது முடிக்க நேரமில்லை. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். வேலை போனதற்கு நிறுவனத்தின் கடிதமும் யுஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) ஆவணமும், பிரிந்ததற்கு விவாகரத்துத் தீர்ப்பு அல்லது போலீஸ் நிலையத்தில் முத்திரை போட்ட சத்தியப் பிரமாணம், இறந்திருந்தால் இறப்புச் சான்று. இவற்றை விண்ணப்பிக்கும்போதே ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் தப்புகிறார்கள். மங்கலான போட்டோவை ஏற்றுபவர்கள் அதே ஆவணத்துக்காகத் திரும்பவும் வரிசையில் நிற்கிறார்கள்.

‘தற்காலிக ஒப்புதல்’ என்று திரையில் வந்ததும் வீட்டில் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். அது பணம் இல்லை. கல்லூரி உங்கள் பதிவு விவரத்தை என்ஸ்ஃபாஸுக்கு அனுப்பி, அதில் அடையாள எண்ணும் பாடநெறியும் பொருந்திய பிறகுதான் எதுவும் நகரும். பதிவானதும் கல்லூரி நிதி உதவி அலுவலகத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘என் பதிவு விவரம் போய்விட்டதா, எந்தத் தேதியில்?’ என்ஸ்ஃபாஸ் கால் சென்டரில் காத்திருப்பதைவிட இந்த ஜன்னலில் வேலை நடக்கும்.

சாப்பாடு, தங்குமிடம் போன்ற படிப் பணம் வரும் விதம்தான் இந்தத் திட்டத்தின் பெரிய வெட்கம். 2023இல் நான்கு தனியார் நிறுவனங்கள் வழியாக மாணவர் கையில் நேராகப் பணம் தருகிறோம் என்று தொடங்கினார்கள். கட்டணப் பிடித்தம், கிடைக்காத பணம், போராட்டம் என்று போய் அந்த அக்டோபரிலேயே தலைமை அதிகாரி நீக்கப்பட்டார்; 2024 ஏப்ரலில் நிர்வாகக் குழுவே கலைக்கப்பட்டு நிர்வாகி ஒருவர் போடப்பட்டார். எனவே போன வருஷம் பணம் வந்த வழியே இந்த வருஷமும் வரும் என்று இருக்காதீர்கள். பிப்ரவரியில் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் வேறு வழி பார்த்து வைப்பதுதான் புத்தி.

தங்குமிடத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2023இல் ஆண்டுக்கு 45,000 ராண்ட் என்று வைத்தபோது டர்பன் வாடகைக்கு அது பத்தவில்லை. அங்கீகாரம் பெற்ற விடுதி என்பதைக் காகிதத்தில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அங்கீகாரம் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்பவரிடம் போனால் வாடகை உங்கள் தலையில். வீட்டிலிருந்தே போகிறவருக்குத் தங்குமிடப் பணம் இல்லை, போக்குவரத்துப் படிதான். பொய்யாக வாடகை ஒப்பந்தம் எழுதிக் காசு பார்க்கலாம் என்று யோசனை சொல்லும் அண்ணன்மார் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அது மோசடி, கண்டுபிடித்தால் பர்சரியே போகும். இன்னொன்று: என்ஸ்ஃபாஸ் வாங்குபவருக்கு அரசின் 370 ராண்ட் துயர்நீக்க உதவித்தொகை கிடையாது. இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டுக் குழம்பவேண்டாம்.

சேர்ந்த பிறகு பர்சரியைக் காப்பாற்றிக்கொள்வது தனி வேலை. தொடரும் மாணவர் எடுத்த பாடங்களில் 60 சதவீதம் தேறவேண்டும். எட்டுப் பாடம் எடுத்தால் ஐந்து. நாலு தேறினால் 50தான், போச்சு. பத்து எடுத்தால் ஆறு. சமாளிக்க முடியாத பாடத்தைக் கடைசித் தேதிக்குள் முறையாகப் பதிவு நீக்கினால் அது தோல்வியாக ஏறாது. வகுப்புக்கே போகாமல் விட்டால் தோல்விதான். ஆனால் பாடம் நீக்கி நீக்கி வருஷம் நீண்டால் அடுத்த சுவர் வரும்: படிப்புக்கு உரிய ஆண்டுகளோடு ஒரு வருஷம் மட்டும் கூடுதல். மூன்று வருஷப் படிப்புக்கு நான்கு, நான்குக்கு ஐந்து. இதில் பலருக்குத் தெரியாதது, கணக்கு தொடங்குவது முதன்முதலில் உயர்கல்வியில் பதிவான நாளிலிருந்து. முதல் வருஷம் காமர்ஸ், பிடிக்காமல் அடுத்த வருஷம் ஐடி என்று மாறினால் கடிகாரம் திரும்ப ஓடாது. சொந்தக் காசில் படித்த வருஷமும் எண்ணப்படும். டிவெட்டில் 80 சதவீத வருகைப் பதிவும் வேண்டும்.

3,50,000ஐத் தாண்டியவர்களுக்கு 6,00,000 வரை அரசுக் கடன் ஒன்று 2024இல் அறிவிக்கப்பட்டது. அதே வருமான அடுக்குக்கு இஸ்ஃபாப் என்ற நிதி உதவித் திட்டம் இருக்கிறது, தட்டுப்பாடான தொழில்களுக்குப் படிப்பவர்களை எடுக்கும். ஆசிரியராக விருப்பம் என்றால் ஃபுன்சா லுஷாகா பர்சரி. வாங்கிய ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வருஷம் அரசுப் பள்ளியில் வேலை செய்யவேண்டும். யாரும் கேட்காத வழி ஒன்று உண்டு: அப்பா அம்மா வேலை பார்க்கும் கம்பெனி. ஊழியர் வருமானம் 6,00,000க்குள் இருந்தால், பிள்ளையின் மேல்படிப்புக்கு நிறுவனம் தரும் பர்சரியில் ஆண்டுக்கு 60,000 ராண்ட் வரை வரி கிடையாது, சம்பளத்திலிருந்து வெட்டித் தராதவரை. எச்ஆரில் ஒரு தடவை கேட்பதில் நஷ்டமில்லை.

வேலை என்ற பக்கத்தில் என்ஸ்ஃபாஸுக்கு மதிப்பெண் மிகக் குறைவு. படிப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு வாசலில் விட்டுவிடுகிறது. டிவெட்டில் வணிகப் பிரிவின் என்4 முதல் என்6 வரையான நிலைகளில் 18 மாத வகுப்பு முடிந்தாலும் டிப்ளமோ கையில் வராது, துறைக்கேற்ற 18 மாத வேலை அனுபவம் காட்டவேண்டும். டியூடியின் பல டிப்ளமோக்களிலும் வேலையிடப் பயிற்சி பாடத்தின் ஒரு பகுதி. இடம் கிடைக்காமல் எல்லாப் பாடமும் தேறிய பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி அரையாண்டுவரை காத்திருக்காமல், ஒரு வருஷம் முன்பே தேடத் தொடங்கவேண்டும். உங்கள் துறையின் சேட்டா (துறைவாரியான பயிற்சி அமைப்பு) எது என்று பாருங்கள்: வங்கிக்கு பேங்க்சேட்டா, இன்ஷூரன்ஸுக்கு இன்சேட்டா, பட்டறைக்கும் கார் தொழிற்சாலைக்கும் மெர்சேட்டா. நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு சதவீதம் கட்டும் பயிற்சி வரியிலிருந்துதான் இவை உதவித்தொகை தருகின்றன. எஸ்ஏ யூத் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் தேட டேட்டா செலவாகாது.

சின்னக் கம்பெனி முதலாளியிடம் வெறும் சிவியை நீட்டாதீர்கள். பதிவான லர்னர்ஷிப்பாக (வேலையோடு சேர்ந்த பயிற்சி ஒப்பந்தம்) எடுத்தால், என்6 மட்டம் உட்பட என்கியூஎஃப் (தேசியத் தகுதி நிலை) 6 வரை, வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவின்கீழ் ஆண்டுக்கு 40,000 ராண்டும் முடித்ததும் இன்னொரு 40,000மும் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கும். ஒரு பக்கத்தில் அதை எழுதி, கல்லூரி கொடுக்கும் பயிற்சி இடக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். சம்பளக் கணக்குப் பார்க்கும் ஆளிடம் பேசச் சொல்லுங்கள், முதலாளியைவிட அவருக்கு இது சீக்கிரம் புரியும்.