ஏழு நாள் முகாமா, மாலை வகுப்பா, ஒரு வருடம் ஊரோடு தங்குவதா?

சித்தி மகள் டிகிரி முடித்துவிட்டுப் போன வாரம் கேட்டாள்: "அக்கா, ஒரு வருஷம் சேவைக்குப் போகலாம்னு இருக்கேன். எதுல சேரட்டும்?" எங்கள் தருமபுரிக்கு அப்படிப்பட்ட பிள்ளைகள் தேவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் இருந்தது எங்கள் மாவட்டம்தான். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். நான் ஒரு வருடம் ஊரோடு தங்கி வேலை செய்தவள், அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

நாட்டு நலப்பணித் திட்டம் எல்லோருக்கும் தெரியும். 1969-இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். எங்கள் முகாமில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம், தெரு பெருக்கினோம், புங்கன் கன்று நட்டோம். புது மனிதர்களிடம் பேசும் கூச்சம் எனக்குப் போனது அங்கேதான். ஆனால் அடுத்த கோடையில் அந்த வழியாகப் போனபோது கன்றுகளில் பாதிக்கு மேல் காய்ந்து நின்றன. யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஊரில் ஒருவரிடமும் நாங்கள் பேசியிருக்கவில்லை.

அடுத்தது இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021-இல் அரசு கொண்டுவந்தது. அப்போது தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய், சாயங்காலம் ஒன்றரை மணி நேர வகுப்பு. என் தங்கை பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எடுத்தாள். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு திண்ணை மட்டும்தான். பிள்ளைகள் எல்லாம் எங்கள் தெரு, வராதவனை வீட்டுக்கே போய்க் கூட்டிவருவாள். சொந்த ஊரில் இருந்துகொண்டே செய்ய நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் நமக்குத் தெரியாத ஒரு வாழ்க்கையை அது காட்டாது.

சரி, என் வருடத்துக்கு வருகிறேன். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி மலைப்பக்கம், கன்னடம் கலந்த தமிழ் பேசும் ஒரு சின்ன ஊர். ஓட்டு வீடு ஒன்றில் தன்னார்வலர்கள் ஆறு பேர் இருந்தோம். சமையல் முறைவைத்து. பகலில் பள்ளியில் ஆசிரியருக்குத் துணை, மாலையில் படிப்பு வட்டம். வெள்ளிக்கிழமை இரவு அந்த வாரம் எழுதிய நோட்டை ஒவ்வொருவரும் சத்தமாகப் படிக்க வேண்டும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் காலையில் தூங்கி விழுவான். இரண்டு வாரம் என் நோட்டில் 'கவனம் இல்லை' என்றே எழுதினேன். அது கார்த்திகை மாதம், ராகி அறுவடைக் காலம். அந்தச் சமயம் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கிவரும். ஒரு நாள் நடு இரவில் தகரம் தட்டும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அஜ்ஜி (பாட்டி) திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "பயப்படாதே கண்ணு, நம்ம பையன்தான். அப்பன்கூடப் பரண்ல காவல் இருக்கான்" என்றார். விடிய விடிய ராகிக் கொல்லையில் யானை விரட்டிவிட்டு வந்த பிள்ளையைத்தான் நான் அப்படி எழுதி வைத்திருந்தேன்.

மறுநாள் விசாரித்ததில் இன்னும் நான்கு பிள்ளைகள் அப்படியே என்று தெரிந்தது. தலைமை ஆசிரியரிடம் பேசி, அறுவடை முடியும்வரை அவர்களைக் காலையில் ஒரு மணி நேரம் தூங்கவிட்டோம். விட்ட பாடத்தை மதியத்துக்குப் பிறகு நாங்கள் நடத்தினோம். காலையில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புகிறவராக இருந்திருந்தால் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தே இருக்காது. பகலில் ஊர் பூட்டிக் கிடக்கும், எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். களி கிண்டி இறக்கி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெண்கள் பேசவே உட்காருவார்கள். பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதும் எனக்கு இரவில், புளியில் கொட்டை எடுக்கும் இடத்தில்தான் தெரிந்தது.

எங்கள் மாவட்டத்துச் சிட்லிங்கியிலும் இதுதானே நடந்தது? 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஓலைக் குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கி, அந்தப் பள்ளத்தாக்கிலேயே குடியிருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள்.

கஷ்டங்களும் உண்டு. சாப்பாட்டுச் செலவு போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பாத்திரம் தேய்க்கும் முறைக்காக நாங்கள் ஆறு பேரும் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. பெண்ணை வெளியே தங்கவிடுவதா என்று அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, எங்களோடு இரண்டு இரவு தங்கிப் பார்த்த பிறகுதான் சமாதானமானார். வேலைக்கு உதவுமா என்றால், எங்களில் இரண்டு பேருக்கு நேர்காணலில் கைகொடுத்தது. அதை வைத்து எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவளிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: சேருவதற்கு முன்னால், தங்குமிடம் ஊருக்குள்ளா டவுனிலா என்று கேட்டுவிடு. நான் முதலில் விசாரித்த ஓர் இடத்தில் ஓசூரில் விடுதி, காலையில் வேன், ஐந்து மணிக்குத் திரும்பிவிடலாம் என்றார்கள். அப்படி என்றால் வீட்டிலேயே இரு, நம் திண்ணையில் வகுப்பு எடு.