மலையக ஈரத்தில் கிராஃப்மெட்டிக்: நீண்டகாலப் பாவனைக் குறிப்பு

மலையகத்தில் 4×5 அங்குலத் தாள் பிலிம் போடும் பிரஸ் கமரா வைத்திருப்பவர் கிராஃப்மெட்டிக் மெகசின் (ஆறு தாள் பிலிமை ஒன்றாக அடக்கிக் கமராவின் பின்னால் மாட்டும் பெட்டி) வாங்க ஒரே காரணம் போதும்: தூறல். பக்கத்துக்கு ஒரு தாள் பிடிக்கும் சாதாரண ஹோல்டரில் ஆறு படம் எடுக்க மூன்று ஹோல்டர் வேண்டும். இரண்டு படத்துக்கு ஒருமுறை புதிதாக மாட்ட வேண்டும், இடையில் திருப்பியும் போட வேண்டும். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அதைச் செய்வது வதை. கிராஃப்மெட்டிக்கை மாட்டினால் ஆறும் முடியும்வரை கழற்ற வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆட்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் அந்த வேகமும் உதவும்.

உள்ளே ஆறு மெல்லிய உலோகத் தகடுகள். அவற்றுக்கு செப்டம் என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு தாள் பிலிம். பின்னாலுள்ள ஸ்பிரிங் அவற்றை முன்னோக்கித் தள்ளிப் பிடிக்கும். படம் எடுத்ததும் இழுப்பறையை முழுதாக இழுத்து முழுதாகத் தள்ளினால், வெளிச்சம் பட்ட தகடு அடுக்கின் கடைசிக்குப் போகும். பாதியில் நிறுத்தித் திரும்பத் தள்ளக்கூடாது. இரண்டு தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் பலம் பிரயோகிக்காமல் சேஞ்சிங் பேக்குக்குள் (கையை நுழைத்து வேலை செய்யும், வெளிச்சம் புகாத பை) வைத்துத் திறப்பதுதான் வழி.

சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் நெளிந்த தகடு. பழைய மெகசின் கைக்கு வந்ததும் ஆறையும் வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாக வையுங்கள். மூலையை விரலால் அழுத்தும்போது ஆடினால் நெளிவு உண்டு. ஓரத்து மடிப்பு விரிந்திருந்தாலும் கழிவுதான். நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்திய தகடு முன்போல் நம்பகமாக இருப்பதில்லை. நான்கு தாள்தான் இருக்கிறதென்றாலும் ஆறு தகட்டையும் போடுங்கள். அடுக்கின் கனம் குறைந்தால் இயக்கம் பிசகும்.

பிலிம் ஏற்றும்போது தாளை நெட்டாகப் பிடித்து, ஓரத்திலுள்ள வெட்டு அடையாளம் மேல் வலது மூலையில் இருந்தால், மருந்துப் பக்கம் (படம் பதியும் பக்கம்) உங்களைப் பார்க்கும். இரு பக்க ஓரமும் மடிப்புக்குள் நுழைந்ததா என்று விரல்நுனியால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வெளியே நின்றால் தாள் குவிந்து போகஸ் போகும், தகடும் சிக்கும். லயத்து அறையில் சன்னல் இடுக்கு வெளிச்சம் வருமாதலால் இரவில் ஏற்றுவது உத்தமம். எண்சக்கரம் தாளின் ஓரத்தில் எண்ணைப் பதிக்கும். ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதை ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

இங்கே தூசியைவிட ஈரம்தான் எதிரி. ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், பண்டாரவளைப் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் தகட்டின் ஓரத்தில் துரு பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹோலால் துடைத்துக் காய வையுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது பிலிமில் ஏறும். மெகசினைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கி மூடும் பெட்டியில் வையுங்கள். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி மீண்டும் பாவிக்கலாம்.

நுவரெலியாவின் தை மாதக் குளிரில் வெளியே இருந்த மெகசினை நேராக அடுப்படிக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து, உள்சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்.