பழைய அம்பாசடருக்கு ஒரு மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லேம்பும்: டெல்டாவில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பழைய காரில் வரும் மின்கோளாறுகளைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும், 21 வாட் பிரேக் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துச் செய்துகொண்ட டெஸ்ட் லேம்பும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிச் சென்ற சில வாரங்களில் இவ்விரண்டையும் பயன்படுத்தத் தொடங்கினேன். அன்றிலிருந்து இவை மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் என் 1986ஆம் ஆண்டு மார்க் 4 பெட்ரோல் அம்பாசடரின் டிக்கியிலேயே இருக்கின்றன. டைனமோவை எடுத்துவிட்டு, பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்ட, தீப்பொறிக்குப் பழைய முறையில் பாயிண்ட்டும் கண்டென்சரும் உள்ள வண்டி அது. கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. ஆகவே இங்கே எழுதுவன இசியூ எனும் என்ஜின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் வந்த பிறகான வண்டிகளுக்கு முழுவதும் பொருந்தா.

டெல்டாவில் வண்டியின் வயரிங், ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைக்குள்ளேயே ஈரம் ஏறிவிடுகிறது. கடற்கரைப் பக்கம் போனால் உப்பளக் காற்று வேறு. வயரின் முனையில் பட்ட ஈரம் செப்பு இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக உறைக்குள்ளேயே ஊர்ந்து சென்று, வெளியில் புதிதுபோல் தெரியும் வயரை உள்ளே பச்சையும் கறுப்புமாக அரித்துவைத்திருக்கும். அப்படிப்பட்ட வயரை முனையில் மட்டும் சுரண்டி மறுபடி முறுக்கிக் கட்டுவதால் பயனில்லை. செம்பு பளபளவென்று தெரியும் இடம்வரை, சில சமயம் ஒரு முழம்கூட, வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பான்மை உதிரிபாகத்தில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. அதிலும், மின்னோட்டம் வண்டியின் உலோக உடல் வழியாக பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் எர்த் இணைப்பில்தான் அதிகம். அம்பாசடரின் என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் செப்புப் பட்டைதான் என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. அது அரித்துப்போனால் மின்னோட்டம் சோக் கேபிள் போன்ற கிடைத்த உலோக வழியைப் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளின் உறை சூடாகிறதென்றால் வேறு எதையும் சோதிப்பதற்கு முன் அந்தப் பட்டையைப் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றத் தொடங்கியபோது பட்டறையில் கிடைத்த பதில், "செல்ஃப் வீக் சார், ஆர்மேச்சர் மாத்திடலாம்" என்பது. ஆர்மேச்சர் என்பது அந்த மோட்டாருக்குள் சுழலும் பகுதி. "மாத்தலாம் தம்பி, அதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பார்த்துடுவோம்" என்று சொல்லி, என்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் உடலிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருகச் சொன்னேன். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் மீட்டர் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பட்டையையும், அது திருகப்பட்ட இடத்துப் பெயிண்ட்டையும் துருவையும் சுத்தம் செய்து, நட்சத்திர வாஷருடன் புதிய பட்டை முடுக்கியபின் அதே ஆர்மேச்சர்தான் இன்றுவரை ஓடுகிறது.

இந்த அளவீட்டை ஏன் ஓம்ஸில் எடுக்கக் கூடாது என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் மல்டிமீட்டரை வாங்கியவுடன் எல்லோரும் திருகுவது அந்தப் பக்கம்தான். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வழியில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். சாதாரண மீட்டரின் 200 ஓம் அளவில் ஆகக் குறைந்த இலக்கமே 0.1 ஓம், இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே அதன் சொந்த வயர்களின் தடை சில பத்தில் ஒரு பங்கு ஓமாகக் காட்டும். அந்த 0.02 அதற்குள் எங்கே தெரியப்போகிறது? மின்னோட்டம் பாயும்போது இரு புள்ளிகளுக்கிடையே எவ்வளவு வோல்டேஜ் இழக்கப்படுகிறது என்று பார்த்தால் மட்டுமே அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். பேட்டரி கம்பத்துக்கும் அதன்மேல் கவ்வியிருக்கும் டெர்மினலுக்கும் இடையிலேயே இப்படி அரை வோல்ட் தொலைந்துபோவதைப் பலருடைய வண்டியில் பார்த்திருக்கிறேன். பேட்டரியைக் குறைசொல்லிப் புதிதாக மாற்றிய வண்டிகளும் அவற்றில் உண்டு.

ஹெட்லைட் மங்கலுக்கும் இதே வைத்தியம்தான். 60 வாட் பல்புகள் இரண்டும் ஹைபீமில் சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். அது முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச், டிம்மர், குண்டு வடிவ முனை கொண்ட பழைய புல்லட் இணைப்புகள் என்று சுற்றி வருவதால், ஆல்டர்னேட்டரில் 13.5 வோல்ட் இருக்கும்போது என் பல்பு ஹோல்டரில் 11 வோல்ட்தான் வந்தது. வோல்டேஜ் அந்த அளவு குறைந்தால் பல்பின் ஒளி ஏறத்தாழ பாதியாகிவிடும். பலரும் செய்வதுபோல் 100 வாட் பல்பு போட்டால் வயரும் சுவிட்சும் சூடாகி உருகுமே தவிர வெளிச்சம் கூடாது. பேட்டரியிலிருந்து பியூஸுடன் நேராக வயர் இழுத்து, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலேயின் 30, 87 முனைகளில் அந்த மின்னோட்டத்தை ஓடவிட்டு, பழைய சுவிட்ச் வயரை 85, 86 முனைகளுக்கு மட்டும் கொடுத்தபின், அதே பல்புகளே இரவில் நீடாமங்கலம் சாலைக்குப் போதுமான வெளிச்சம் தருகின்றன.

வண்டி நின்றபடியே பேட்டரி இறங்கும் சிக்கலில் டெஸ்ட் லேம்ப் முதலில் உதவியது. மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவே லேம்பைத் தொடராக வைத்தேன். பிரகாசமாக எரிந்தால் பெரிய ஷார்ட், எரியவில்லை என்றால் மீட்டரை அம்மீட்டராக இணைக்க அஞ்ச வேண்டாம். மீட்டர் 0.4 ஆம்பியர் காட்டியது. பார்வைக்குச் சிறிய எண்தான். ஆனால் 50 ஆம்பியர்-மணி பேட்டரியை ஐந்து நாளில் காலிசெய்ய அது போதும். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் குறையவில்லை. ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை, மைனஸ் கழற்றிய நிலையில், விடுவித்து முனையை இன்சுலேஷன் சுற்றிவிட்டு மறுபடி இணைத்ததும் எண் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்தது. மின்னோட்டத்தை ஒரே திசையில் விட வேண்டியது, ஆனால் உள்ளே கசிந்துகொண்டிருந்த டயோடு பிளேட்டை மட்டும் மாற்றச் சொன்னேன்.

மீட்டரைவிட டெஸ்ட் லேம்ப் உண்மை பேசும் சந்தர்ப்பம் ஒன்றும் உண்டு. பல இழைகளில் ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் வயரில் மீட்டர் ஏறக்குறைய எதையும் இழுக்காததால் முழு 12 வோல்ட் காட்டி, வயர் நன்றாக இருக்கிறது என்று நம்பவைத்துவிடும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் கேட்கும். அதைக் கொடுக்க முடியாத வயர், பல்பு மங்கலாக எரிவதால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பின்விளக்கில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கும் வினோதத்தையும் இதைக்கொண்டே பிடித்தேன்: லேம்பின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை விளக்குக் கூட்டின் உலோகத்தில். எரியாவிட்டால் எர்த் இல்லை.

மீட்டரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். உள்ளேயுள்ள 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் அது எண்களை உயர்த்திக் காட்டுகிறது, 12.4 வோல்ட் பேட்டரியை 13க்கு மேல் காட்டி சார்ஜ் சரியாக ஏறுவதாக ஏமாற்றக்கூடும். ஓடும் என்ஜினின் பிளக் வயர்களுக்கு அருகே இலக்கங்கள் துள்ளுவதால் தள்ளி நின்றே அளக்க வேண்டியிருக்கிறது. மழை மாதங்களில் திருகு சுவிட்சின் உள்தொடுகைகள் மங்கி அளவு ஆடும். நாலைந்து முறை முழுச்சுற்றுத் திருகினால் சரியாகிவிடும், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்தபின் அதுவும் குறைந்துவிட்டது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது 10 ஆம்பியர் துளை: மலிவு மீட்டர்கள் பலவற்றில் அதற்குப் பியூஸ் கிடையாது. சிவப்பு வயரை அதிலேயே மறந்து வைத்துவிட்டு பேட்டரியின் வோல்டேஜ் பார்க்கப் போனால், அது நேரடி ஷார்ட்.

எலிகளுக்கு மட்டும் மீட்டரிடம் மருந்து இல்லை. சம்பா அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியதும், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் அவை குடிவந்து, உறையைக் கடித்து இழைகளை வெறுமையாக்கி வைக்கின்றன. கொட்டகையில் எலிக்கிட்டி வைக்கிறோம். வண்டியைப் போரிலிருந்து தள்ளி நிறுத்துவது அதைவிடப் பலன் தருகிறது. கடித்த இடத்தில் டேப் சுற்றுவதைக் கைவிட்டேன், சித்திரை வெயிலில் பசை உருகி வழிந்துவிடுகிறது. லக் எனும் உலோக முனையை வைத்து நசுக்கிக் கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்ட இணைப்புகளில் இதுவரை எதுவும் திரும்ப வேலை வைக்கவில்லை. தொழிற்சாலை வயரிங் மிஞ்சியுள்ள இடங்களில் லூகாஸ் நிறுவனத்தின் வயர் வண்ண முறை பெரிய உதவி: பழுப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை இக்னிஷன் வழியாக வருவது, பச்சை அதன் பின் பியூஸ் தாண்டியது, கறுப்பு எர்த். மாற்றும்போது கடையில் கையில் கிடைத்த நிறத்தை வாங்காமல் அதே நிறத்தைத் தேடி வாங்குகிறேன்.

அடுத்து ஒரு கருவி வாங்குவதென்றால் கிளாம்ப் மீட்டரைச் சொல்வேன், ஆனால் பெட்டியின் மேல் டிசி ஆம்பியரும் அளக்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தபின். மலிவானவற்றில் பல ஏசி மட்டுமே அளப்பவை. வீட்டு மோட்டாருக்கு உதவும், கார் பேட்டரி கேபிளைக் கவ்வினால் பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.